ஒத்தி எடுங்கள், பிறகு பூசுங்கள்!

நடுவர் அவர்களே! குடும்பத்தில் குறைகளைப் பூசி மெழுகலாம் என்கிறது எதிரணி. முகத்தில் பூசினால்கூட நிற்காது ஐயா! (சிரிப்பு)

என் மகள் கல்யாணம். மதுரையில், சித்திரை வெயிலில். அவளுக்கு எண்ணெய் வழிகிற முகம். பளபளப்பைப் பார்த்ததும் என் துணைவியார், "இன்னும் கொஞ்சம் பவுடர் போடும்மா" என்றார். அலங்காரம் செய்ய வந்த பெண் சொன்னாள்: "எண்ணெய் மேலயே போட்டா திட்டுத் திட்டா நிக்கும்மா. மெல்லிய தாளால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. அப்புறம் நெற்றி, மூக்கு, தாடையில மட்டும் பவுடரை லேசா அழுத்தணும். கனமாப் பூசினா சீக்கிரம் கலையும்."

கூத்து மேடையில் அரிதாரம் என்கிறோமே, அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். பூசுவது அழகு, பொருளோ நஞ்சு!

இரவு வரவேற்பு வரை பூச்சு நின்றது. மகள் முகம்தான் வாடியிருந்தது. கேட்டேன். "நான் வேலையை விட்டுடுவேன்னு அவங்ககிட்ட நீங்களா எப்படிப்பா சொன்னீங்க?" என்றாள். அவளைக் கேட்காமல் நான் பூசிய பூச்சு அது!

உடனே சம்பந்தியிடம் போனேன். "தப்பு என்னுது. அவ வேலைக்குப் போக ஆசைப்படறா" என்றேன். "போகட்டுமே! முன்னாடியே சொல்லக் கூடாதா சம்பந்தி?" என்றார் அவர். (கைதட்டல்)

மகள் முகம் மலர்ந்தது. அதற்குப் பவுடர் தேவைப்படவில்லை.

ஆகவே ஒத்தி எடுத்துவிட்டுப் பூசுங்கள். படுக்கப் போகுமுன் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் பரு வரும். முகத்துக்கும் அதுதான், மனத்துக்கும் அதுதான்.