காசுக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி



உங்கள் வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கும். கடுகுக்கு ஓர் அறை. சீரகத்துக்கு ஓர் அறை. மிளகுக்கு ஓர் அறை. கடுகு குறைந்தால், பெட்டியைத் திறந்த உடனே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் தாளிக்க முடியுமா?

ஆனால், பணத்தைப் பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். வாடகைப் பணம், அரிசிப் பணம், பள்ளிக்கூடப் பணம் எல்லாம் ஒரே பர்சில். பர்சில் பணம் இருக்கிறவரை எல்லாச் செலவுக்கும் பணம் இருப்பதுபோலத் தோன்றும். மாதம் 20 தேதி ஆனதும் கை காலியாகிவிடும். காசு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

ஒரு குடும்பத்தின் கதை

பெங்களூரில் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குப் பெயிண்ட் வேலை. மனைவிக்குக் கார்மெண்ட்ஸ் வேலை. இரண்டு பிள்ளைகள். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பீஸ், புத்தகம், யூனிபார்ம் எல்லாவற்றுக்கும் 10,000 ரூபாய் வேண்டும். கையில் இல்லை. ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கினார்கள்.

ஐந்து வட்டி என்றால் என்ன? நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். 10,000 ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய். ஒரு வருடத்துக்கு 6,000 ரூபாய். அவ்வளவு கட்டியும் அசல் 10,000 அப்படியே நிற்கும். அடுத்த ஜூன் மாதமும் வந்துவிடும்.

இவர்கள் ஊதாரிகள் அல்லர். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஜூன் மாதம் திடீரென்று வருவதில்லை. வருடா வருடம் வருகிறது. பொங்கலும் அப்படித்தான். ஊர்த் திருவிழாவும் அப்படித்தான். வரும் என்று தெரிந்த செலவுக்கு ஓர் அறை இல்லை. அதனால்தான் கடன் வந்தது.

கவர் போடும் முறை

கல்யாணப் பத்திரிகை வந்த பழைய கவர்கள் வீட்டில் இருக்கும். எட்டுக் கவர்களை எடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் பெயரையும் தொகையையும் எழுதுங்கள். அந்தக் குடும்பம் இப்படி எழுதலாம்:

வாடகை, தண்ணீர் – 7,000
அரிசி, மளிகை, காய்கறி, பால், கேஸ் – 8,500
மருந்து – 1,000
கடன் – 2,500
பஸ், போன், கைச்செலவு – 2,500
ஜூன் மாதம் – 1,000
ஊர், விசேஷம் – 1,000
அவசரம் – 500

கூட்டிப் பாருங்கள். சரியாக 24,000 வரும். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். விரலுக்குத் தக்க வீக்கம். தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பணம் வந்த அன்றே பிரித்துவிட வேண்டும். வாரக் கூலி வாங்குகிறவர்கள் வாரத்துக்குக் கால் பங்காகப் போடலாம். கவரிலிருந்து எடுக்கும்போது தேதி, எடுத்தது, மீதி மூன்றையும் கவரின் மேல் எழுதுங்கள்.

காய்கறிக் கவர் 25 தேதியே தீர்ந்துவிட்டதா? வேறு கவரிலிருந்து எடுக்கலாம். ஆனால் எடுத்த கவரில் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். "மருந்துக் கவரிலிருந்து 200 ரூபாய் காய்கறிக்கு" என்று எழுதினால் போதும். அடுத்த மாதம் காய்கறிக்குத் தொகையைக் கூட்ட வேண்டும் என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும்.

கடன் கவரைப் பாருங்கள். கடன் கொடுத்தவர் அசலைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டால், முதல் மாதம் வட்டி 500 போக 2,000 ரூபாய் அசலில் கழியும். அடுத்த மாதம் 8,000 ரூபாய்க்கு 400 ரூபாய்தான் வட்டி. இப்படிக் கட்டினால் ஐந்தாம் மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ஜூன் கவரில் ஜூலையிலிருந்து மாதம் 1,000 போட்டால், மே மாதத்தில் 11,000 ரூபாய் இருக்கும். பீஸ் கட்டக் கடன் வேண்டாம்.

எல்லாப் பணமும் வீட்டில் வேண்டாம்

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. அரிசி டிரம்மிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்த பணம் வெளியே வந்தது. பேங்க் கணக்கு இல்லாதவர்கள் பிறர் கையை எதிர்பார்த்து நின்றார்கள்.

அதனால் தினச் செலவுக் கவர்களில் மட்டும் பணம் வையுங்கள். ஜூன் கவர், அவசரக் கவர் பணத்தை உங்கள் பெயரில் உள்ள பேங்க் கணக்கில் போடுங்கள். கவரில் "பேங்கில் 1,000" என்று சீட்டு எழுதி வையுங்கள். சம்பளம் பேங்கில் ஏறி, போனில் காசு கொடுப்பவர்களும் இதே போல நோட்டில் எட்டுப் பக்கம் போட்டு எழுதலாம்.

பி.எஃப். என்ற பெரிய கவர்

கார்மெண்ட்ஸ் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள். முதலாளியும் ஒரு பங்கு போட வேண்டும். அதுவும் ஒரு கவர்தான். 2016-ல் ஒரு புதிய விதி வந்தது. வேலையை விட்டாலும், முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது அந்த விதி. மகள் கல்யாணத்துக்கும் கடன் அடைக்கவும் அந்தப் பணத்தைத்தான் பலர் நம்பியிருந்தார்கள். ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர்க் கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் ரோட்டிலும் தும்கூர் ரோட்டிலும் இறங்கினார்கள். பெரும்பாலானவர்கள் பெண்கள். 19 தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

தங்கள் கவரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அதற்காகக் கேட்க முடியும். சம்பளச் சீட்டை வாங்கிப் படியுங்கள். பி.எஃப். எவ்வளவு பிடித்தார்கள் என்று பாருங்கள்.

மிச்சமான பணம் எங்கே?

2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் டிக்கெட் இலவசம். முன்பு ஒரு நாளுக்கு 30 ரூபாய் டிக்கெட் எடுத்தவருக்கு 26 நாளில் 780 ரூபாய் மிச்சம். அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது? அதற்குக் கவர் இல்லை என்றால், அது கரைந்து போயிருக்கும். பெயர் எழுதிய கவரில் போட்டிருந்தால் அது பீஸாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. கவரைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "ஜூன் மாதம்" என்று பிள்ளை படித்துக் காட்டிய கவரிலிருந்து சாராயத்துக்கோ சீட்டாட்டத்துக்கோ காசு எடுக்க யாருக்கும் கை கூசும்.

எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் இன்று கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த எழுத்தை அடுத்த சம்பள நாளில் எட்டுக் கவர்களின் மேல் எழுதுங்கள்.