கையெழுத்து யாருடையது?

 

கருக்கலைப்பு பற்றிப் பேச அழைத்தீர்கள். ஆய்வேட்டை இங்கே வாசிக்கப் போவதில்லை. ஒரு கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் காலனிப் பெண். வயது 22, பனியன் கம்பெனி வேலை. ஏழு வாரக் கரு. பையன் ஊர்த்தெருக்காரன். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வரிசையில் அத்தனை பேர் நிற்க, "புருஷன் வரலையா?" என்றார் நர்ஸ். அடுத்து, "எந்த ஊரு, எந்தத் தெரு?" அவள் காலனி என்று சொல்லவில்லை; பஸ் ஸ்டாப்பின் பெயரைச் சொன்னாள். டாக்டரோ, "வீட்டுலேர்ந்து யாராவது கையெழுத்துப் போடணும். இல்லன்னா மாத்திரை கிடையாது" என்றார். காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று வேறு கேட்டார்.

1971 கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். சம்மதம் வாங்கும் படிவம் சி-யில் காப்பாளர் கையெழுத்து சிறுமிகளுக்கும் மனநலம் பாதிக்கப்பட்டோருக்கும்தான். கணவனுக்கு அதில் இடமே இல்லை. குடும்பத்தின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? வழக்கு வருமோ என்ற பயம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் தெருவையும் சேர்த்துக் கேட்கிறார்களே! அகமணத்தால்தான் சாதி நிற்கிறது, அதற்காகவே பெண் கட்டுப்படுத்தப்படுகிறாள் என்று 1916-லேயே அம்பேத்கர் காட்டினார். மற்றவர்கள் உடல்நலத்துக்கும் குடும்பச் செலவுக்கும் கர்ப்பத்தடை கேட்டபோது, பெண் விடுதலைக்காகக் கேட்டவர் பெரியார். நம் மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த டாக்டரின் மேசைக்கு முன்னால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. வாதாடினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாத்திரை கிடைத்தது. காப்பர்-டி பேச்சும் அதோடு நின்றது.

மூன்றாம் நாள் போன் செய்தாள். "அக்கா, ரத்தம் எத்தனை நாள் போகும்? எங்கிட்ட எல்லாத்தையும் கேட்டாங்க, இத மட்டும் யாரும் சொல்லல."

இரண்டு வாரம் வரைகூட இருக்கலாம் என்றேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம், இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"அதே ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டாள்.