ஒரே நோயும் பல நாடுகளும்



2020ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகள் பலவற்றில் ஒரே வகையான பேச்சே நிகழ்ந்தது. மகன் பாரிசில் இருப்பான். மகள் ரொறன்ரோவில் இருப்பாள். தம்பியின் குடும்பம் இலண்டனில் இருக்கும். ஊரடங்குச் சட்டத்தினாற் படலையைத் தாண்டாதிருந்த தாயும் தந்தையும் தொலைபேசியை எடுத்து, "நாங்கள் இஞ்சை சுகமாய் இருக்கிறம், நீங்கள்தான் கவனம்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி கூறினர். அடுத்த ஆண்டு ஆவணியில் அப்பேச்சுத் திசை மாறிற்று. பிள்ளைகள் அங்கிருந்து அழைத்து, "அம்மா, ஊசி போட்டாச்சோ? வெளியிலை போகாதேயுங்கோ" என்று மன்றாடினர். கொரோனாப் பெருந்தொற்றில் நாட்டை நாட்டோடு ஒப்பிடும் வேலையை நம் வீடுகள் அன்றே தொடங்கிவிட்டன.

பள்ளிக்கூடங்கள் மீண்டும் திறந்த பின்னர், வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்த நோயில் எந்த நாடு வென்றது?" என்று கேட்டாள். அவ்வினாவுக்கு அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

கொரோனாவை விளங்கிக்கொள்ள, அதற்கு நூறாண்டு முந்திய கொள்ளைநோயை முதலிற் பார்த்தல் நலம். முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டாகிய 1918இல் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல், போர்வீரரையும் சரக்கையும் ஏற்றிய கப்பல்களோடு உலகைச் சுற்றியது. அவ்வாண்டு யூன் மாதத்திற் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய நோய், செப்ரெம்பரில் முன்னினும் கொடியதாய் மீண்டது. பருவமழை பொய்த்து, உணவுப் பொருள்களின் விலை ஏறியிருந்த வேளை அது. பசித்த உடலில் நோய் எளிதில் வேரூன்றியது. இந்தியாவில் 1 கோடியே 20 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையானோர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

இலங்கையோ ஒரு தீவு. கடலே நமக்கு மதில் என்று எண்ணுவது இயல்பு. ஆயின் அம்மதிலில் இரண்டு பெரு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று கொழும்புத் துறைமுகம். மற்றது 1914இல் தொடங்கிய தனுக்கோடி, தலைமன்னார்க் கப்பற் சேவை. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை மண்டபம் முகாமிற் சில நாள் மறித்து வைத்து, நோயில்லையெனக் கண்ட பின்னரே அனுப்பினர். வாந்திபேதியையும் பிளேக்கையும் மனத்திற் கொண்டு வகுத்த அக்காவல், இருமலிலும் தும்மலிலும் விரைந்து பரவும் காய்ச்சலுக்கு அணையாகவில்லை. 1918 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு முறையும், 1919 மார்ச்சில் மறு முறையும் இறப்புகள் உச்சத்தை எட்டின. இலங்கையின் மக்கட்டொகை இழப்பு ஏறக்குறைய 307,000 எனப் பிற்கால ஆய்வொன்று கணித்துள்ளது. அஃதாவது, நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல்.

அப்படியாயின் தீவாயிருப்பதாற் பயனே இல்லையா? இதற்கு விடை தருபவை பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுகள். மேற்குச் சமோவா அன்று நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்தது. கிழக்கே உள்ள தீவுகள் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தன. இரு புறத்தாரும் ஒரே இனத்தவர், ஒரே மொழியினர். 1918 நவம்பர் 7ஆம் திகதி, ஒக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்னும் கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியாத் துறையை அடைந்தது. கப்பலில் நோயாளர் இருந்தும் பயணிகள் கரையிறங்க விடப்பட்டனர். ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர்; ஐவருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் மேலானது அவ்விழப்பு. அமெரிக்க சமோவாவின் ஆளுநர் போயரோ வரும் கப்பல்களை மறித்தார். ஊர் மக்களும் தத்தம் கரையைக் காத்தனர். அங்கே அக்காய்ச்சலால் ஓர் உயிர்தானும் போகவில்லை. கடல் இருவருக்கும் ஒன்றே, காவல்தான் வேறு.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் மாதத்தில் நியூசிலாந்தும் இலங்கையும் ஏறக்குறைய ஒரே வேளையில் தம் வாயில்களை அடைத்தன. மார்ச் 20ஆம் திகதி இங்கே நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. அவ்வாண்டு ஒக்டோபர்த் தொடக்கம் வரை இலங்கை முழுவதிலும் கொரோனாவால் இறந்தோர் 13 பேர் மட்டுமே. பெற்றோர் பிள்ளைகளுக்குப் புத்தி கூறிய காலம் அது.

ஆனால் அடைத்த கதவு நோயை ஒழிப்பதில்லை. நமக்குச் சிறிது காலத்தைக் கடனாகத் தருகிறது. அக்காலத்தில் என்ன செய்தோம் என்பதே வினா. நியூசிலாந்து தன் மக்களுட் பெரும்பாலானோருக்குத் தடுப்பூசி போட்ட பின்னரே, 2022இற் கதவைப் படிப்படியாகத் திறந்தது. 2021 முடிவில் அங்கே கொரோனாவால் இறந்தோர் தொகை நூறைத் தொடவில்லை. இலங்கையிலோ 2020 ஒக்டோபரில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலும் மீன் சந்தையிலும் பரவிய தொற்று நாடெங்கும் சென்றது. 2021 ஓகஸ்ற் மாதத்தில், டெல்ரா என்னும் திரிபு வந்தபோது, நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல் இறந்தனர். ஆண்டு முடிவில் அத்தொகை 14,000ஐத் தாண்டிவிட்டது.

இதனை நம் அலட்சியம் என்று மாத்திரம் கூறின் அது நீதியாகாது. செல்வ நாடுகள் தடுப்பூசியை முன்கூட்டியே வாங்கிக் குவித்தன. 2021 சித்திரையில் இந்தியாவில் இரண்டாம் அலை பொங்கியபோது அங்கிருந்து வந்த ஊசியும் நின்றது. முதலாவது ஊசி பெற்ற பல இலட்சம் பேர் இரண்டாவதற்காக இங்கே காத்திருக்க நேர்ந்தது. அயல் வீட்டில் தீப்பற்றினால் நம் கிணற்றிலும் நீர் குறையும் என்பதை அந்நாள்கள் நமக்குக் காட்டின.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் 2021 மே மாத இறுதியில், கொரோனாவால் இறந்தோர் தொகை சுமார் 69,000இலிருந்து 180,000க்கு ஒரே நாளில் உயர்ந்தது. அன்று புதிதாய் இத்தனை பேர் மாளவில்லை. எண்ணும் முறையே திருத்தப்பட்டது. இந்தியாவில் 2021 முடிவு வரை இறந்தோர் 4 இலட்சத்து 81 ஆயிரம் என்றது அரசு. அதிகப்படியான இறப்புகள் 47 இலட்சம் என மதித்தது உலகச் சுகாதார நிறுவனம். அம்மதிப்பீட்டை இந்திய அரசு ஏற்கவில்லை. ஆகவே ஒரு நாட்டின் எண் சிறிதாயிருப்பின், நோய் குறைந்ததா, எண்ணுவோர் குறைந்தனரா என்று கேட்டல் வேண்டும். தன் தொகையைத் திருத்தி உயர்த்திய பெரு நாடு அதனால் தாழ்ந்துவிடவில்லை. உண்மையை ஒப்பிய நாடு அது.

மக்கள் நோயை மறைக்காதிருக்க, அரசின்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வேண்டும். நிலத்தில் அடக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நம் நாட்டில் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் மக்களின் சடலங்களும் எரிக்கப்பட்டன. தம் பிள்ளையை அடக்கம் செய்யும் உரிமை மறுக்கப்படும் என்று அஞ்சும் தாய், வைத்தியசாலைக்கு வரத் தயங்குவாள் அல்லவா? 2024இல் அமைச்சரவை அதற்கு மன்னிப்புக் கோரியது. சமோவாவில் நேர்ந்ததற்கு நியூசிலாந்துப் பிரதமர் 2002இல் மன்னிப்புக் கேட்க 84 ஆண்டுகள் சென்றன. மன்னிப்பு மாண்டவரை மீட்பதில்லை. எனினும் அடுத்த நோய் வரும்போது அரசின் சொல்லைக் கேட்க மக்களுக்கு ஒரு காரணத்தை அது தருகிறது.

மாணவியின் வினாவுக்கு இப்போது விடை கூறுவேன். எந்த நாடும் வெல்லவில்லை. ஓட்டப் பந்தயமாயின் முந்தியவர் வென்றார் எனலாம். இங்கோ பிந்தியவனின் நோய் முந்தியவனின் வாயிலையும் தட்டியது. ஆகையால் ஒப்பிடும்போது மூன்று வினாக்களைக் கேள்: கதவை எப்போது அடைத்தார்கள்? அடைத்த காலத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள்? மாண்டவரை ஒருவர் விடாமல் எண்ணினார்களா?

மூன்றாவது வினா நம்மைச் சார்ந்தது. 1918இல் இலங்கை இழந்த மூன்று இலட்சம் பேரைக் குடிசன மதிப்பிற் கண்ட குறைவைக் கொண்டே ஆய்வாளர் இன்று கணிக்கின்றனர். அவருள் நம் குடாநாட்டவர் யாவர் என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? என் மாணவருக்கு நான் இடும் வேலை இதுதான்: உங்கள் வீட்டிலும் ஒழுங்கையிலும், கடல் கடந்த உறவிலும், இந்நோயால் மறைந்தவரின் பெயரை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த ஊரில், எந்த நாளில், எவ்வாறு என்றும் எழுதுங்கள். நூறாண்டின் பின் நாடுகளை ஒப்பிட வருபவனுக்கு, வெறும் எண்ணோடு அந்தப் பெயர்களும் கிடைக்கட்டும்.