தலையெழுத்து இல்லைங்க, தப்பான எழுத்து!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பொறுமையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! தாம்பரத்துப் பெருமக்களே!

குடும்பத்தைக் காப்பது பொறுத்துப் போவதா, தட்டிக் கேட்பதா? எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், "சின்னத் தொகைக்கு எதுக்குங்க சண்டை, கட்டிட்டுப் போயிடலாமே"ன்னாங்க. அம்மா, வாங்கின கடனைக் கட்டத்தான் வேணும். வாங்காத கடனை எதுக்கும்மா கட்டணும்?

சேலையூரிலே எங்க தெருவில ஒரு எலெக்ட்ரீஷியன். மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருச்சு. கல்விக் கடன் கேட்டு பேங்குக்குப் போனார். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "உங்க பேர்ல மோட்டார் பைக் கடன் 42,000 ரூபாய் பாக்கி இருக்கே"ன்னார். நடுவர் அவர்களே, அந்த மனுஷனுக்கு சைக்கிளைத் தவிர வேற எதுவும் ஓட்டத் தெரியாது! (சிரிப்பு)

வீட்டுக்கு வந்தார். மாமியார், "கட்டித் தொலைங்க மாப்ளே"ன்னாங்க. அண்ணன், "எல்லாம் தலையெழுத்துடா"ன்னார். மகள்தான் சொன்னா: "அப்பா, இது தலையெழுத்து இல்லை. யாரோ தப்பா எழுதின எழுத்து. எழுதினவங்களே அழிக்கணும்." அதாங்க எங்க அணி! (கைதட்டல்)

நம்ம கடன் ஜாதகத்தை நாலு நிறுவனங்கள் வெச்சிருக்கு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாத் தரணும். 300-லேருந்து 900 வரைக்கும் மார்க் போடுவாங்க. மார்க்கை மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க. உள்ளே உங்க பேர்ல என்னென்ன கடன் இருக்குன்னு படிங்க.

ஜாதகத்தை வெச்சிருக்கிறது இவங்க. எழுதிக் கொடுக்கிறது கடன் கொடுத்தவங்க. அவங்க ஒத்துக்கிட்டாத்தான் இவங்க திருத்துவாங்க. அதனாலே ரெண்டு இடத்திலேயும் புகார் கொடுக்கணும். நம்மாளு கொடுத்தார். "நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டுங்க"ன்னு கேட்டார். காட்டினாங்க. பான் கார்டு நகல் இவருது; போட்டோவில இருந்தது வேற ஆள்! போலீசிலேயும் எழுதிக் கொடுத்தார்.

புகார் கொடுத்த 30 நாளுக்குள்ளே தீர்க்கணும். தாண்டினா நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. 2023 அக்டோபரிலே ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. 2024 ஏப்ரல்லேருந்து அமலுக்கு வந்தது. அப்பவும் அசையலையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். 2022 செப்டம்பர்லேருந்து இந்த நாலு நிறுவனங்களும் அவர் வரம்புக்குள்ளே வந்தாச்சு. புகாருக்குக் கட்டணமே கிடையாது.

எதிரணி பேச்சைக் கேட்டு அவர் 42,000 கட்டியிருந்தா? "நான்தான் வாங்கினேன்"னு ஒத்துக்கிட்ட கதைதான். பணம் கட்டினாலும், தவணை தவறினவர்ங்கிற கறை அறிக்கையிலே நிக்கும். பணமும் போய், பேரும் போய், பொண்ணு படிப்பும் தள்ளிப் போயிருக்கும். அவர் கட்டலை. கேட்டார். இருபத்தாறாம் நாள் அந்தக் கணக்கு அறிக்கையைவிட்டுப் போச்சு. மகளுக்குக் கடனும் கிடைச்சது.

மாமியார் ரெண்டு வார்த்தை கூடப் பேசினா பொறுத்துப் போங்க, அது குடும்பம். (சிரிப்பு) பொய்க் கணக்கைப் பொறுத்துப் போகாதீங்க. அது குடும்பத்தையே கரைச்சிடும். சத்தம் போட வேண்டாம், பணிவாவே கேளுங்க. ஆனா எழுத்திலே கேளுங்க, நகல் வெச்சுக்கிட்டுக் கேளுங்க. குடும்பத்தைக் காப்பது தட்டிக் கேட்பதே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)