முதல் விருப்பு நமக்கு. இரண்டாம் விருப்பு யாருக்கு?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கிளிநொச்சிக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



2024 சனாதிபதித் தேர்தலில் நம் மக்களிடம் மூன்று குரல்கள் வந்து சேர்ந்தன. செப்டெம்பர் 1ஆந் திகதி வவுனியாவிற் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய செயற்குழு, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென முடிவு செய்தது. சங்குச் சின்னத்தில் நின்ற பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கே வாக்கு என்றனர் வேறு சிலர். தேர்தலையே பகிஷ்கரிக்கும்படி கோரிற்று தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி. மேடைகள் முழங்கின, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோக்கள் ஓடின, கைத்தொலைபேசிகள் ஓயவில்லை. விளைவு என்ன?

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் சஜித்துக்கு 95,422, ரணிலுக்கு 52,573, சங்குக்கு 36,377, அநுரவுக்கு 21,412. 2019இல் நூற்றுக்கு எண்பத்திரண்டு வாக்கை ஒருவருக்கே அளித்த வன்னி, நான்காகப் பிரிந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்த கிளிநொச்சி மக்களே, உங்கள் மாவட்டத்திற் சஜித்துக்கு 121,177, சங்குக்கு 116,688.

பிரிந்ததை நான் குற்றமாகக் கூறவில்லை. மக்களுக்குப் பல கருத்துகள் இருப்பது இயல்பு. ஆனால் நமது வாதம் முழுவதும் பெரும்பாலும் '1' என்ற எண்ணைச் சுற்றியே நடந்தது. சட்டம் நமக்கு மூன்று எண்களைத் தந்திருக்கிறதே! மற்ற இரண்டையும் நாம் ஏன் மறந்தோம்?

சட்டம் கூறுவது இதுதான். செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், முதலிரு இடத்தினர் தவிர ஏனையோர் அனைவரும் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவருக்கு '1' இட்ட சீட்டுகளை எடுத்து, எஞ்சிய இருவரில் யாருக்கு அடுத்த விருப்பு இடப்பட்டுள்ளதெனப் பார்த்து, அவருக்குச் சேர்ப்பர். முதலிருவரில் ஒருவருக்கு '1' இட்டவரின் அடுத்த விருப்பு எண்ணப்படுவதேயில்லை. எனவே இரண்டாம் விருப்பு, வெல்ல முடியாத வேட்பாளருக்கு வாக்களிப்பவரின் கருவி. அதாவது, சிறிய இனத்தின் கருவி!

2024இல் முதன்முறையாக இக்கணக்கு எடுக்கப்பட்டது. நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு வாக்களித்தோர் 33 இலட்சத்துக்கு மேல். அவர்களிடமிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264. சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. ஏறக்குறையப் பன்னிரண்டு சீட்டில் ஒன்றுதான் பேசிற்று. மற்றப் பதினொன்றும் ஊமையாயின!

"இரண்டாம் எண்ணை இட்டால் நமது கொள்கை நீர்த்துப்போகாதா?" என நண்பர்கள் கேட்கின்றனர். போகாது. முதல் விருப்பு தனியாக எண்ணப்பட்டுத் தனியாகவே அறிவிக்கப்படும். சங்கு பெற்ற 226,343 வாக்கில் ஒன்றையேனும் இரண்டாம் விருப்பு குறைக்கமாட்டாது.

"12 இலட்சம் வாக்கால் வென்றவரை நம் எண் தடுத்திருக்குமா?" என்பர் வேறு சிலர். 2024இல் தடுத்திராது, உண்மை. ஆனால் 2005ஐ எண்ணிப்பாருங்கள். மகிந்த ராசபக்ச பெற்றது 4,887,152. செல்லுபடியான வாக்கிற் பாதிக்கு மேல் 29,000க்கும் குறைவே. வேறு எவருக்காயினும் மேலும் ஏறக்குறைய 57,000 வாக்குகள் விழுந்திருந்தால் இரண்டாங் கணக்கு எடுக்க நேர்ந்திருக்கும். அந்த ஆண்டு பகிஷ்கரிப்பில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. முடிவு எப்படி அமைந்திருக்குமெனச் சோதிடம் கூற நான் வரவில்லை. நெருக்கமான போட்டியில் நமது சீட்டின் நிறை எவ்வளவு என்பதையே காட்டுகின்றேன்.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? ஆட்சிமுறை மாறாவிடின் அடுத்த சனாதிபதித் தேர்தல் 2029இல் வரும். அதற்கு முன் மூன்று வேலைகள் உண்டு.

முதலாவது, கற்றோரின் வேலை. தெற்கின் வேட்பாளர் சிங்களத்தில் அச்சிட்ட விஞ்ஞாபனத்தையும் தமிழில் தந்ததையும் அருகருகே வைத்து வரிவரியாக வாசியுங்கள். ஒன்றிலுள்ளது மற்றதில் இல்லையெனில் ஊரறியச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கமக்காரரின் வேலை. படையினர் வசமுள்ள காணி, வனத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிய வயல், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதிகளில் மகாவலித் திட்டத்தின் பெயரால் எழுந்த பிணக்கு ஆகியவற்றைக் கேள்விகளாக எழுதிக் கமக்காரர் அமைப்புகளின் கையொப்பத்துடன் ஒவ்வொரு வேட்பாளருக்கும் அனுப்புங்கள். எழுத்திற் பதில் தந்தவரின் பதிலை அச்சிட்டு ஊருக்குக் கொடுப்போம். பதிலே தராதவருக்கு இரண்டாம் விருப்பும் இல்லை!

மூன்றாவது, நம்போன்ற அமைப்பாளரின் வேலை. மாதிரி வாக்குச்சீட்டுடன் வீடுவீடாகச் செல்லவேண்டும். 1, 2, 3 என எண்ணை இடக் கற்பிக்கவேண்டும். புள்ளடி இடுவதானால் ஒருவருக்கு மட்டுமே இடலாம். எண்ணையும் புள்ளடியையும் கலக்கலாகாது. 2024இல் நாடெங்கும் நிராகரிக்கப்பட்டவை மூன்று இலட்சம் வாக்குகள் என்பதை மறவாதீர்கள்.

தோழர்களே! யாருக்கு முதல் விருப்பு என்பதில் நாம் மாறுபடலாம். அந்த உரிமை அவரவருடையது. ஆனால் நம் காணியைப் பற்றிய கேள்வியில் நாம் மாறுபடவில்லை. முதல் எண்ணிற் பிரிந்து நிற்பவர்கள் இரண்டாம் எண்ணில் ஒன்றுசேரலாம். அதற்கான பேச்சு மேடையில் அன்று, வரம்பிலும் வாசற்படியிலும் இன்றே தொடங்கட்டும்!