முதலும் ஐந்தும்



1969 மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அவசரகாலம் பிரகடனமாயிற்று, நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. இதற்கிடையே, 1970 ஆகஸ்டு 31இல் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. அதன் ஐந்து கோட்பாடுகளுள் முதலாவது இறைவன்மீது நம்பிக்கை. ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும்.

முதலாவதற்கு ஐந்தாவதே சான்று என்கிறோம். கோயிலில் கைகூப்பிவிட்டு, வாசலைத் தாண்டியதும் மலாய் அண்டைவீட்டாரையோ சீனக் கடைக்காரரையோ பற்றி வதந்தி பேசினால், நம் பக்தி எத்தகையது? சட்டம் கலவரத்தை அடக்கும். பகையற்ற உள்ளத்தைத் தராது. அதனைச் சமயம் ஊட்ட வேண்டும்; ஒழுக்கம் காக்க வேண்டும். நாம் கேட்கும் வதந்தி நம் செவியோடு நிற்கட்டும்.