'சீ' என்னும் சிறு சொல்



புசல்லாவைக் கடைவீதியிலிருந்து களைத்து வீடு திரும்பும் வாப்பாவின் வாயிலும், பரீட்சைப் பயத்தில் வாடும் மகனின் வாயிலும் எளிதில் வருவது 'சீ' என்னும் சொல்லே. பெற்றோரிடம் அதனைக் கூறலாகாது என்கிறது திருக்குர்ஆன் (17:23). பிள்ளைகளுக்கு மட்டுமா இந்த ஒழுக்கம்? சிறுவயதிலேயே நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்யத் தொடங்கிய அனஸ் (ரழி) அவர்கள், பத்தாண்டுகளில் ஒருமுறையேனும் தம்மை நோக்கி நபியவர்கள் அவ்வாறு கூறியதில்லை எனச் சான்று பகர்கின்றார்கள்.

அதற்காக மனவேதனையை விழுங்க வேண்டியதில்லை. உணர்வைச் சொல்லால் பெயரிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியின் கிளர்ச்சி தணிவதை லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2007இல் காட்டியது.

ஆகவே இளைஞர்களே, 'வாப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று கூறுங்கள். பெற்றோர்களே, 'மகனே, இன்று களைத்துவிட்டேன்' என்று கூறுங்கள். இன்றிரவே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ், இல்லத்தோடு உள்ளமும் அமைதி பெறும்.